கோடித்துணி கேட்ட உலை

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் குடியிருக்கும் பேய்களில் பாதி, செல்லசாமியைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்லும். மீதிப் பாதி எழுந்து நிற்காததற்குக் காரணம் மரியாதைக் குறைவு அல்ல, முட்டுவலி. இதைச் சொன்னவர் செல்லசாமியேதான். கேட்டவர்கள் யாரும் நம்பவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்குக் காலையில், தெற்றிக்கோணத்தில் கிருஷ்ணம்மா வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு அவர் அவிழ்த்துவிட்ட பெருமைக்கு முன்னால் அதெல்லாம் தூசி.

"செத்துப்போன உங்க வீட்டுக்காரரு எந்தக் குரல்ல விளிச்சாரோ, அதே குரல இன்னைக்குப் பட்டப்பகல்ல மறுபடியும் விளிக்க வைக்கேன். நீங்க எல்லாரும் நின்னு கேக்கணும். அதுக்குப் பிறவு அது விளிக்காது."

முற்றத்துப் பலாமரத்தில் இருந்த காக்கை ஒன்று இதைக் கேட்டுப் பறந்து போய்விட்டது. உதவியாளர் பிரசீதா ஸ்கூட்டரின் பக்கத்தில் நின்று, காக்கைக்கு இருக்கும் சுதந்திரம் தனக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

செல்லசாமி அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை அவனுடைய பின்கழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று டிப்போவில் பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான் என்று இன்னொரு பேச்சும் உண்டு. ஓய்வுக்குப் பிறகு, பயணம் முடிந்தும் வண்டியை விட்டு இறங்க மறுக்கும் ஆவிகளின் பக்கம் அவர் பார்வை திரும்பியது. பிரசீதா அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவள். திருவனந்தபுரத்து இன்ஜினீயரிங் கல்லூரி ஒன்றில் தீச்சுடரைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சோதனைக்கூடத்துக் கூரை ஒழுகி, தீயை ஆராய வேண்டிய இடத்தில் குளம் ஒன்று உண்டானதால் ஆராய்ச்சி நின்றுபோயிருந்தது. கூரை சரியாகும்வரை பேய் பிடிக்கலாம் என்று வந்தவள். கூரையும் சரியாகவில்லை, பேயும் சரியாகவில்லை.

ஆனால் இந்தமுறை விஷயம் விளையாட்டில்லை. கிருஷ்ணம்மாவின் கணவர் செல்லையன் ரப்பர் வெட்டுக்காரர். ஒரு விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர் எழவில்லை. டாக்டர் வந்து பார்த்து, முடிந்துவிட்டது என்று சொல்லிப் போனார். பஞ்சாயத்தின் கேஸ் எரிமேடைக்குக் கொண்டுபோனார்கள். முன்பு கொள்ளி வைப்பதுபோல, அங்கே பிள்ளைகளில் மூத்தவர் ஒரு பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். ஒரே மகள் தன்யா அமுக்கினாள். உலையின் இரும்புக் கதவுக்குப் பின்னால் தீ பற்றியது. பிறகு உள்ளேயிருந்து செல்லையன் கூவினார்.

கூவினார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லோரும் ஓடியவர்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியையே மறந்துவிட்டு ஓடிப்போனதாகவும், அந்த ஓட்டத்தில் மூன்று பேருக்குத் தீராத வாதநோய் தீர்ந்ததாகவும் உதியன்குளங்கரை டீக்கடைகளில் இன்றைக்கும் கேட்கலாம். அந்த நாளுக்குப் பிறகு எரிமேடைப் பக்கம் ஒரு சவமும் வரவில்லை. பக்கத்து வீடுகளில் குக்கர் விசிலடித்தால்கூடப் பிள்ளைகள் அம்மாவின் மடியில் ஏறினார்கள்.

தன்யா மட்டும் ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்று கேட்டாள். அன்று முதல் வலது கையை ஒரு தோர்த்துத்துண்டால் சுற்றிக் கட்டிவைத்திருக்கிறாள். அந்தக் கையால் சாப்பிடுவதில்லை, தலை வாருவதில்லை, ஒரு டம்ளரைக்கூடத் தொடுவதில்லை. எலும்பும் சாம்பலும் சேர்த்த மண்குடம் சிவப்புத் துணியில் பொதிந்து பலாமரக் கிளையில் கட்டியபடியே தொங்குகிறது. கடலில் கரைக்க அவள் விடமாட்டேன் என்கிறாள்.

கிருஷ்ணம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். தன்யா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். செல்லசாமி ஏதேதோ கேட்டார், அவள் தோர்த்தின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளாகவே பேசினாள்.

"டாக்டரு அஞ்சு நிமிஷம்கூட நிக்கல்ல சாரே. கைய பிடிச்சாரு, விட்டாரு. உயிரு இருந்தாலோ? நான்தான் பட்டன ஞெக்கினேன். உயிரோட கெடந்த அப்பாவ இந்தக் கையி எரிச்சுதுன்னா, அது சாவு இல்ல, கொல ஆக்கும். கொன்னவ எப்பிடி குடத்த எடுக்கது?"

ஒருவேளை அது வேறு ஏதாவது சத்தமாக இருக்கலாம் என்று பிரசீதா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். தன்யா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். செல்லையன் தினமும் உச்சிவேளைக்கு ரப்பர் மேட்டில் நின்று, கஞ்சி கொண்டுவரச் சொல்லி மகளைக் கூவி அழைப்பார். அடிவயிற்றிலிருந்து 'கூ…' என்று நீளமாக எழும்பி, முடிகிற இடத்தில் ஒரு விக்கலோடு அறுபடும். கூவ எல்லோருக்கும் தெரியும், அந்த விக்கல் அவர் ஒருவருக்குத்தான். உலைக்குள்ளிருந்து வந்ததும் விக்கலோடுதான் வந்தது.

பலாமரத்துக் குடம் காற்றில்லாமலே கொஞ்சம் அசைந்ததுபோல் பிரசீதாவுக்குத் தோன்றியது. ஆராய்ச்சி மாணவிக்கு அப்படித் தோன்றக் கூடாது என்று கண்ணை வேறு பக்கம் திருப்பினாள்.

செல்லசாமி வேறு ஏதோ யோசனையில் இருந்தார். செல்லையன் எப்படிப்பட்ட மனிதர் என்று கிருஷ்ணம்மாவிடம் விசாரித்தார். அழுகைக்கு நடுவிலும் அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. சாவு வீட்டுக்கு வரும் சொந்தபந்தங்கள் ஆளுக்கொரு புதுத்துணி கொண்டுவந்து உடலின்மேல் போர்த்துவது அந்தப் பக்கத்து வழக்கம், கோடி போடுவது என்பார்கள். செல்லையனுக்குக் கோடி போடத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்துகூட ஆட்கள் வந்தார்களாம். முகம் மட்டும்தான் வெளியே தெரிந்ததாம்.

"அந்தக் கோடியெல்லாம் இப்ப எங்க?" என்றார் செல்லசாமி.

கிருஷ்ணம்மாவுக்குத் தெரியவில்லை. உள்ளே போயிருக்கும் என்றாள். செல்லசாமி மண்குடத்தை அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டினார். துணியோடு உடலை உள்ளே தள்ளமாட்டார்கள், ஜரிகையும் நைலானும் எரிந்தால் புகைபோக்கியில் கரி பிடிக்கும் என்று வெளியே எடுத்துவிடுவார்கள். அது அவருக்குத் தெரியும்.

ஸ்கூட்டரில் ஏறும்போது பிரசீதாவின் காதில் மட்டும் கேட்கும்படி சொன்னார். "மக்கா, பஸ்ஸுல ஏறினத எல்லாரும் பாத்திருக்கு. எறங்கினத ஒருத்தரும் பாக்கல்ல. எனக்க சர்வீஸுல இப்பிடி ஒரு கேஸு வந்தா, அந்த ஆள பிடிச்சாப் போரும், மத்த எல்லாம் தானே வரும்."

"துணிக்கு டிக்கெட் கேக்கப் போறோம். இதையும் நான் பாத்துட்டுத்தான் சாகணும்" என்று சொல்லிவிட்டுப் பிரசீதா வண்டியைக் கிளப்பினாள்.

மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதும் வெளிச்சம் பாதியாகிவிட்டது. இரண்டு பக்கமும் ரப்பர். மழைக்காலமென்பதால் ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் கறுப்பு பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தது. காற்று வந்தபோது அத்தனையும் ஒரே நேரத்தில் சலசலத்தன, கூட்டமாக நிற்கும் பெண்கள் யாரோ வருகிறார்கள் என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வதுபோல. செல்லையன் வெட்டிய மரங்கள் அவை. அவர் போனபின் யாரும் கத்தி வைக்கவில்லை. சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. செல்லசாமி பின்னால் உட்கார்ந்து ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தார். பயந்தால்தான் அவர் பாடுவார்.

எரிமேடையில் வேலை பார்க்கும் சத்தியதாஸ் தன் கொட்டகைக்கு வெளியே, வாசலுக்கு முதுகு காட்டாமல், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். கழுத்தில் ஒரு சிலுவை, மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு. எந்தச் சாமி டியூட்டியில் இருக்கிறார் என்று தெரியாததால் இரண்டையும் வைத்திருக்கிறான் என்றாள் பிரசீதா. அவன் சிரிக்கவில்லை. சிரித்துப் பல நாளாகியிருக்கும் முகம்.

கூவல் வந்ததை அவன் ஒப்புக்கொண்டான். எப்போது நின்றது என்று கேட்டதும் கண் தரைக்குப் போனது. தானும் ஓடிவிட்டதாகச் சொன்னான். கோடித்துணிகளை எங்கே வைத்தாய் என்று கேட்டதற்குக் குப்பையில் போட்டதாகச் சொன்னான். செல்லசாமி அவனுடைய பின்கழுத்தைப் பார்க்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சத்தியதாஸும் கூடவே சுற்றினான். இரண்டு பேரும் கல்யாண வீட்டில் சுற்றுவதுபோல் ஒன்றரைச் சுற்று வந்து நின்றார்கள்.

இதற்குள் பிரசீதா உலைக்குப் பின்பக்கம் போயிருந்தாள். சுவரோரம் காற்றை ஊதும் புளோயர் இருந்தது. அது காற்றை உள்ளிழுக்கும் வாயில் ஒரு முறம் அளவுக்குக் கம்பிவலை. அதற்கு மேலே இடுப்புயரத்தில் ஒரு இரும்புக் கைப்பிடிக் கம்பி. வலையின் ஒரு கண்ணியில் ஏதோ மின்னியது. நகத்தால் இழுத்தாள். தங்க நிற ஜரிகை நூல்.

அதைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து காட்டினாள். "சார், உங்க பயணி ஜன்னல்ல முடிய விட்டுட்டு எறங்கியிருக்காரு."

சத்தியதாஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எல்லாம் வந்தது. இறந்தவரின் கோடியைத் தரையில் போட அவனுக்கு மனம் வருவதில்லை, அது பாவம் என்று அவன் எண்ணம். வழக்கமாக ஒன்றோ இரண்டோ வரும், ஆணியில் மாட்டுவான். அன்றைக்கு அத்தனை துணி. கொட்டகையில் சுத்தமான இடம் அந்தக் கைப்பிடிக் கம்பி ஒன்றுதான். எல்லாவற்றையும் அதன்மேல் தொங்கவிட்டான். கூவல் எழுந்தபோது மற்றவர்கள் வாசலைப் பார்த்து ஓட, அவன் கம்பியைப் பார்த்து ஓடினான்.

"அவரு கோடிய கேக்காருன்னு நெனச்சேன் சாரே. அவ்வளவு பேரு ஆசையா போட்டத நான் உருவி எடுத்தேன் இல்லியா. எல்லாத்தையும் வாரி நெஞ்சோட பிடிச்சேன். அந்த நிமிஷம் விளி நின்னுது."

துணிகளைக் கொளுத்தவும் பயம், தூக்கி எறியவும் பயம். ஒரு சாக்கில் கட்டிக் கருவி அறையில் வைத்து, தினமும் அதற்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறான். விஷயம் வெளியே தெரிந்தால் பிணத்தின் துணியைத் திருடியவன் என்பார்கள். அதனால்தான் பொய்.

பிரசீதா விரலில் சுற்றியிருந்த ஜரிகை நூலைப் பார்த்தாள். துணியை எடுத்ததும் குரல் நின்றது. புளோயர் வாயை மூடியிருந்த துணி. அவள் செல்லசாமியை இழுத்துக்கொண்டு ஒரு ஓரத்துக்குப் போனாள்.

தனக்குப் புரியும் பாஷையில் சொல்லும்படி அவர் கட்டளையிட்டதால் பிரசீதா பஸ் பாஷையில் சொன்னாள். இந்த உலையில் கேஸும் காற்றும் எரிவதற்கு முன்னாலேயே கலந்துவிடும். கலந்து குழாயில் வரும்போது ஓணத்துக்கு முந்தின நாள் பஸ்ஸில் ஏறும் கூட்டம்போல ஒரே தள்ளுமுள்ளு, சுழலும் சுழிப்பும். சுடரைத் தாண்டியதும் அந்தக் கூட்டத்துக்குச் சூடு ஏறுகிறது. ஒவ்வொரு ஆளும் ஆறு ஏழு மடங்காக வீங்குகிறான். சூடான வாயு பிசுக்கென்று கஞ்சிபோல ஆகிவிடும். அதில் சின்னச் சின்னச் சுழிகள் சுழல முடியாமல் செத்துப்போகும். ஆக, தீ சாதாரணமாக உள்ளே இருக்கும் கொந்தளிப்பை அடக்கித்தான் வைக்கும். அதனால்தான் நல்ல நாளில் இந்த உலை வெறுமனே 'ஸ்' என்கிறது.

"இது அதுக்க சாதுவான முகம்" என்றாள். "இன்னொரு முகம் உண்டு."

வீங்குகிறவன் சும்மா வீங்கமாட்டான், படியில் ஏறிக்கொண்டிருப்பவனை ஒரு உதை விடுவான். அந்த உதையில், பின்னால் வரும் கலவை குலுங்கும். குலுங்கினால் சுடர் சுருங்கி மடிந்து நெளியும். மடிப்பு கூடினால் தீயின் பரப்பு கூடும், ஒரே நேரத்தில் அதிகம் எரியும். அதிகம் எரிந்தால் இன்னும் பெரிய உதை. உலைக்கும் புகைபோக்கிக்கும் உள்ளே இருக்கும் காற்றுக்கு ஒரு ஆட்டம் உண்டு, ஊஞ்சலுக்கு இருப்பதுபோல. உதை அந்த ஆட்டத்தின் தாளத்தில் விழுந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளித் தள்ளி விடுவதுபோல ஏறிக்கொண்டே போகும். கடைசியில் மொத்த பஸ்ஸும் ஆடும். உலை வாய்விட்டுக் கத்தும். சாது ஜெயிப்பானா, முரடன் ஜெயிப்பானா என்பது கேஸோடு எவ்வளவு காற்று சேருகிறது என்பதைப் பொறுத்தது. துணி காற்றை மறித்தது.

செல்லசாமி இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, காலையில் கிருஷ்ணம்மாவிடம் தான் சொன்னதும் இதேதான், கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன் என்றார்.

அந்த மெழுகுவத்திச் சாக்கைத் தொட அவருக்கு மனமில்லை. அதனால் ஜங்ஷனுக்குப் போய் ஜவுளிக்கடையில் புதுத்துணியாக ஒரு கட்டு வாங்கினார்கள். இத்தனை கோடி யாருக்கு, யார் போனது என்று கடைக்காரர் துக்கத்தோடு விசாரித்தார். இன்னும் முடிவாகவில்லை என்று செல்லசாமி சொன்னார். கடைக்காரர் மீதிச் சில்லறையைத் தூரத்திலிருந்தே நீட்டினார்.

திரும்பி வரும்போது ஒரு ஆட்டோ எரிமேடை கேட்டுக்கு வெளியே நின்றது. அதற்குமேல் வரமாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டதால், செல்லசாமி வரச்சொல்லியிருந்த கிருஷ்ணம்மாவும் தன்யாவும் மண்பாதையில் நடந்து வந்தார்கள். தன்யா சுற்றிக் கட்டிய கையைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்திருந்தாள். மேகம் இறங்கி, உச்சிவேளை சாயங்காலம்போல இருண்டது. கொட்டகைக்குள் பழைய சாம்பல் வாசனை. யாரும் யார் பக்கத்திலிருந்தும் விலகி நிற்கவில்லை.

செல்லசாமி இரும்புக் கதவைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் காட்டினார். வெறும் செங்கல். கதவை மூடினார்கள். புதுக்கோடிகளைக் கைப்பிடிக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டான் சத்தியதாஸ். புளோயர் ஓடியது. அவனே பட்டனை அமுக்கினான்.

ஸ்…

அவ்வளவுதான். பால் கொதிக்கும் முன்னால் வருவதுபோல ஒரு சாந்தமான சத்தம். காத்திருந்தார்கள். பிரசீதா மனதுக்குள் அந்த முரடனை உதைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். உலை தொட்டிலில் தூங்கும் பிள்ளைபோலக் கிடந்தது.

தன்யா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"பாத்தீங்களா" என்றாள். "உள்ள ஆளு உண்டும்னாத்தான் விளிக்கும்."

கிருஷ்ணம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். சத்தியதாஸ் சிலுவையையும் கயிற்றையும் ஒருசேரத் தொட்டான். தன்யா திரும்பி நடக்க ஆரம்பித்தாள். பிரசீதா செல்லசாமியைப் பார்த்தாள். அந்த மனிதர் வாழ்நாளில் முதல்முறையாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் நின்றார். அவள் பார்த்த காட்சிகளிலேயே பயங்கரமானது அதுதான்.

பிறகு அவர் மெல்லச் சொன்னார். "மக்கா, வேற ஆள ஏத்திட்டு, பழைய ஆளு எப்பிடி எறங்கினாருன்னு கேக்கோம். அந்தச் சாக்க எடு. பயந்தது எனக்க தப்பு."

சத்தியதாஸ் கேஸை அணைத்துவிட்டுச் சாக்கைக் கொண்டுவந்து வாயை அவிழ்த்தான். ஒரு பூசண வாசனை வந்தது. பிரசீதா மேலே இருந்த துணியை விரித்தாள். வெள்ளைப் பருத்தி, தங்கக் கரை. துணி முழுவதும் கடுகு தெளித்ததுபோலக் கறுப்புப் புள்ளிகள். அடுத்ததிலும் புள்ளி. அதற்கடுத்ததிலும்.

"கரிம்பன்" என்றாள் கிருஷ்ணம்மா, கண்ணீருக்கு நடுவில், எந்த வீட்டுக்காரியும் சொல்வதுபோல. "ஈரத்தோட மடிச்சு வச்சா பின்ன வராதா."

பிரசீதா நிமிர்ந்தாள். கடையிலிருந்து வந்த துணிகளைத் திரும்பிப் பார்த்தாள். கஞ்சி போட்டு விறைத்து, வலையைத் தொடாமல், பலகைபோலத் தள்ளி நின்றன. காற்று அவற்றைச் சுற்றிக்கொண்டு தாராளமாகப் போனது.

"அன்னைக்கு மழை உண்டா?" என்று சத்தியதாஸிடம் கேட்டாள்.

அவன் விழித்தான். இந்த மாதத்தில் மழை இல்லாத நாள் எது, அதை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்றான். பிறகு அவனுக்கே நினைவு வந்தது. சேற்றில் ஆம்புலன்ஸ் ஏறவில்லை. கேட்டிலிருந்து கொட்டகை வரைக்கும் கொட்டும் மழையில் தோளில் தூக்கி வந்தார்கள். துணிகளைக் கம்பியில் போட்டபோது தண்ணீர் சொட்டியது.

செல்லசாமி ஓடிப்போய்க் குழாயைத் திறந்தார். முட்டுவலி என்று தினமும் முனகுகிற அவர் ஓடியதை நான்கு பேர் பார்த்தார்கள். அதற்கும் சாட்சி உண்டு. புதுத்துணிகளை எடுத்துவிட்டு, சாக்கிலிருந்த துணிகளை வாளியில் முக்கி, பிழியாமல், ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியில் போட்டார்கள். புளோயரை மறுபடி ஓடவிட்டதும் ஈரத்துணி அட்டைபோல வலையில் போய் ஒட்டிக்கொண்டது.

தன்யா வாசலில் நின்றிருந்தாள். செல்லசாமி அவளிடம் போய், இந்தமுறை பட்டனை அமுக்க வேண்டியது அவள்தான் என்றார். வேறு யார் அமுக்கினாலும் அவள் நம்பமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் உலையின் கதவைப் பார்த்தாள். பிறகு பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்தாள். தோர்த்து விழுந்தது. வெளியே வந்த கை சோறு படாமல், வெயில் படாமல் வெளுத்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று இன்னொருமுறை கதவைத் திறந்து தானே பார்த்துக்கொண்டாள். மூடினாள். பச்சைப் பட்டனை அமுக்கினாள்.

ஸ் என்று தொடங்கியது. பிறகு அந்த 'ஸ்' தடித்தது. தரை வழியாகக் காலுக்குள் ஒரு நடுக்கம் ஏறியது. எங்கோ கிணற்றுக்கடியில் யாரோ மூச்சை இழுப்பதுபோல ஒரு இடைவெளி.

கூ…

கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்தது. வெளியே ரப்பர் மரங்களின் பாவாடைகள் எல்லாம் சலசலத்தன. அடிவயிற்றிலிருந்து எழும்பி, நீண்டு, இன்னும் நீண்டு, கடைசியில் ஒரு விக்கலோடு அறுபட்டது. மறுபடியும் எழுந்தது. சுடரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள், பஸ் உவமை சொன்னவள், எல்லாம் தெரிந்தவள், பிரசீதா, ஒரு கையால் செல்லசாமியின் சட்டையையும் இன்னொரு கையால் சத்தியதாஸின் கறுப்புக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றாள். கிருஷ்ணம்மா கைகூப்பினாள். காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று புத்தகங்களில் எழுதியிருப்பதெல்லாம் சுத்தப் பொய் என்று பிரசீதாவுக்கு அந்த நிமிஷம் புரிந்தது.

விக்கல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்தது செல்லசாமி. பேசினால் கேட்காது என்பதால் கையைக் காட்டினார். ஈரத்துணி வலையோடு ஒட்டி இறுகும், கூவல் நீளும். தன் கனத்தால் ஒரு நொடி விட்டு விலகும், குரல் அறுபடும். மறுபடி ஒட்டும்.

தன்யா அதைப் பார்த்தாள். கதவிலிருந்த சின்னக் கண்ணாடித் துளை வழியாக உள்ளே பார்த்தாள். நீல நெருப்பு நெளிந்து நெளிந்து ஆடியது. அதற்குக் கீழே வெறும் செங்கல்.

அவள் கம்பியிடம் போய், துணிகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். எடுக்க எடுக்க, குரல் மெலிந்தது. சிவப்புக் கரை போட்டது களியக்காவிளை அத்தை, நீலக் கரை தோட்டத்து முதலாளி என்று உதடு அசைந்தது பிரசீதாவுக்குத் தெரிந்தது. அப்பாவின்மேல் பிரியம் வைத்த அத்தனை பேரும் சேர்ந்துதான் அந்த உலையின் மூச்சை அடைத்திருந்தார்கள். கடைசியாக ஒரே ஒரு துணி மிஞ்சியது, மெரூன் கரை. அது அவள் போட்டது. அதை எடுத்தாள். உலை அடங்கியது. ஸ்…

எல்லோரும் மூச்சு விட்டார்கள். அவள் விடவில்லை. கைநிறைய ஈரத்துணியை வாரி மறுபடியும் வலைமேல் சாத்தினாள். கூவல் எழுந்தது. உச்சிவேளையில் மேட்டிலிருந்து வருமே, அதேதான். தலையைச் சாய்த்து, விக்கல் வரும்வரை, முழுவதும் கேட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. பிறகு தன் கையாலேயே துணிகளை விலக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

சத்தியதாஸ் கேஸை அணைத்தான். இனிமேல் கோடி போட ஒரு கயிறு கட்டிவிடுவதாகச் சொன்னான். முகத்தில் சிரிப்பின் முதல் கோடு விழுந்திருந்தது.

வீட்டு முற்றத்துக்குத் திரும்பியபோது மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. செல்லசாமியால் ஸ்கூட்டரிலிருந்து இறங்க முடியவில்லை. ஓடிய ஓட்டத்துக்கு முட்டு பழி வாங்கியது. இந்த ஊர்ப் பேய்களில் எழுந்து நிற்காத பாதியில் அவரும் சேர்ந்துவிட்டதாகப் பிரசீதா சொன்னாள். அவர் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன்யா மரத்தடியில் நின்றாள். வலது கையைத் தூக்கிச் சிவப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, நேரமெடுத்தது. குடத்தை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணும் இல்லாமத்தான் விளிச்சுது" என்றாள். குடத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டு, "அப்பா அன்னைக்கு வெடியக்காலத்துலயே போயாச்சு, இல்லியா அம்மா?"

"ஓம் மக்கா."

"ம்" என்றாள் தன்யா. "போயாச்சு."